பார்சலுக்குச் சந்தோஷமா, பணியாளருக்குச் சம்பளமா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அடுப்பு மூட்டாத வீடு என்றால் ஒரு காலத்தில் அது துக்க வீடாகவே இருக்கும். இன்று நிலைமை அவ்வாறில்லை. கணவனும் மனைவியும் உத்தியோகத்துக்குச் செல்லும் வீடுகளிலும், பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட முதியோர் தனித்திருக்கும் வீடுகளிலும், வெங்காயம் கிண்டும் நாளில் தோட்டத்தை விட்டு நகர முடியாத கமக்காரர் வீடுகளிலும் மாலையானதும் கடைப் பார்சலே உணவாகின்றது. நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில், சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி எங்கணும் இருள் கவியும் வேளையில் சாப்பாட்டுக் கடைகளின் முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதை எவரும் காணலாம்.

இந்தப் பார்சலோடு கூடவே ஒரு கேள்வியும் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது. மேசையில் அமர்ந்து உண்ணாமல், தண்ணீர் கேட்காமல், இலை எடுக்கச் சொல்லாமல், பொதியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுபவர் கடைப் பணியாளருக்கு மேலதிகமாகக் காசு கொடுக்க வேண்டுமா? மிச்சக் காசை எடுத்துச் சட்டைப் பையில் போடுவது கஞ்சத்தனமா, அல்லது உரிமையா? காசு மேசையில் வைக்கப்படும் கண்ணாடிப் போத்தலைக் காணாதவர் போல் திரும்பி நடப்பது பாவமா?

சிறிய விடயம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஒரு மனிதனின் உழைப்புக்கு யார் விலை கொடுக்க வேண்டும், எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்ற பெரிய கேள்வி இதற்குள் அடங்கியிருக்கின்றது. எமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். பார்சலுக்கு மேலதிகக் காசு கொடுப்பது எவருக்கும் கடமை ஆகாது. விரும்பியவர் கொடுக்கலாம். ஆனால் அந்தக் காசு எந்தப் பணியாளரின் சம்பளத்துக்கும் ஈடாக நிற்க இடங்கொடுக்கக் கூடாது.

பெயரில் உள்ள பேதம்

இந்தக் கொடுப்பனவுக்கு நம்மிடையே ஒழுங்கான பெயர் ஒன்று இல்லை. நகரத்தார் ‘ரிப்ஸ்’ என்கின்றனர். தமிழகத்தார் ‘இனாம்’ என்பர்; அது அரபு மொழி வழியாக வந்த சொல். இந்த நாட்டில் ‘சந்தோஷம்’ என்ற பெயர் வழங்குகின்றது. சிங்கள மக்களும் அதே சொல்லை ஆளுகின்றனர். இந்தச் ‘சந்தோஷம்’ சாப்பாட்டுக் கடையோடு நின்றுவிட்டதா? கந்தோர்களிலும் புகுந்தது. அங்கே கோப்பு நகர்வதற்குக் கொடுக்கப்படும் காசுக்கும் அதுவே பெயராயிற்று. அதனை இலஞ்சம் என்று 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் கூறியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமும் அதனையே கூறுகின்றது. சட்டம் வந்த பின்னரும் அந்தச் சொல் சாகவில்லை என்பதை அறியாதார் நம்மில் யார்?

நமது மரபில் கொடை இல்லாமலில்லை. சித்திரைப் புத்தாண்டன்று வெற்றிலையில் காசு வைத்துப் பெரியோர் இளையோருக்கும், முதலாளி தொழிலாளிக்கும் கொடுக்கும் கைவிசேடம் இருக்கின்றது. அதனை வாங்குபவர் கூனிக் குறுகுவதில்லை. கொடுப்பவரும் தருக்கித் திரிவதில்லை. ஏன்? அது கூலிக்கு மேலே நிற்பது. கூலியைக் கொடுத்து முடித்த பின்னர், நல்ல நாளில், வாழ்த்தோடு கொடுக்கப்படுவது. கைவிசேடம் கொடுத்தேன் என்று சொல்லித் தோட்டக் கூலியில் நூறு ரூபாவைக் குறைக்கும் கமக்காரரை ஊர் மதிக்குமா? மதியாது. அந்த ஊர் நீதியே இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

பொதி கட்டுபவரின் உழைப்பு

‘மேசையில் பரிமாறினாற்றானே சேவை, பார்சலில் என்ன சேவை இருக்கின்றது?’ என்று கேட்போர் உளர். அவர்கள் கடையின் உட்புறத்தைக் காணாதவர்கள். இடியப்பத்தை எண்ணி எடுத்து, சொதியைச் சிறு பையில் ஊற்றி முடிச்சிட்டு, சம்பலை வேறாகக் கட்டி, ஒருவருக்கு உறைப்புக் குறைவு, இன்னொருவருக்கு வெங்காயம் வேண்டாம் என்பதை நினைவில் வைத்து, முன்னால் நிற்கும் பதினைந்து பேரின் அவசரத்துக்கும் முகங்கோணாமல் பதில் சொல்லிப் பொதி கட்டுவது எளிய வேலையன்று. கொத்துரொட்டி போடுபவர் கொதிக்கும் தட்டின் முன் நின்று இரண்டு கைகளாலும் தகடுகளை ஓங்கி அடித்துக்கொண்டே நான்கு மணி நேரம் நிற்கின்றார். பின்புறத்தில் பாத்திரம் கழுவுபவரின் விரல்கள் நீரில் ஊறி வெளிறிப் போகின்றன. அவரை வாடிக்கையாளர் ஒருபோதும் காண்பதில்லை.

ஆகவே பார்சலில் உழைப்பு இல்லை என்ற வாதம் நிற்காது. மேசையில் உண்பவருக்குச் செய்யும் வேலையில் இலை போடுவதும் எடுப்பதும் குறைகின்றன. கட்டுவதும் பிரிப்பதும் கூடுகின்றன. உழைப்பு இருக்கின்றது என்பது உண்மை. ஆனால் அந்த உழைப்பின் விலை எங்கே இருக்க வேண்டும்? அரிசியின் விலை பார்சலின் விலைக்குள் இருக்கின்றது. எரிவாயுவின் விலையும் கடை வாடகையும் மின்கட்டணமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. தேங்காய் விலை ஏறினால் முதலாளி பார்சலின் விலையை ஏற்றுகின்றார். ‘தேங்காய்க்குச் சந்தோஷம் போடுங்கள்’ என்று போத்தல் வைப்பதில்லை. மனித உழைப்பின் விலையை மட்டும் வெளியே எடுத்து, வருவோர் போவோரின் மனநிலைக்கு விட்டுவிடுவது எந்த நியாயம்?

இன்னுமொன்று. கையில் கொடுக்கும் காசு கையை நீட்டியவரிடம் மட்டுமே சேரும். பொதியை எடுத்துத் தருபவருக்கு அது கிடைக்கலாம். அடுப்படியில் நிற்பவருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் அது போய்ச் சேரும் என்பதற்கு என்ன உறுதி? மிகக் கடினமான வேலையைச் செய்பவருக்கு மிகக் குறைவாகவும், முன்னால் நிற்பவருக்கு மிகுதியாகவும் கிடைக்கும் ஒரு முறையை நீதி என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

சட்டம் கூறுவது

இந்த நாட்டில் தொழிலாளர் சட்டம் இல்லாமலில்லை. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில் வகைக்கு ஒரு சபை அமைத்துச் சம்பளம் நிர்ணயிக்க வழி செய்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்துக்கு வரம்பிட்டது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. ஊழியர் 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்த வேண்டும். 1980ஆம் ஆண்டில் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் அமைந்தது; அதற்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் நாடு முழுவதற்கும் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 10,000 ரூபா என்று வகுத்தது. அது 2021இல் 12,500 ஆகவும், 2024இல் 17,500 ஆகவும் உயர்ந்தது. 2025ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி அவ்வாண்டு ஏப்ரல் முதல் 27,000 ரூபா. 2026 ஜனவரி முதல் 30,000 ரூபா. நாட்கூலியாயின் 1,200 ரூபா. 2022ஆம் ஆண்டில் பண வீக்கம் 70 வீதத்தளவுக்கு ஏறிய நாட்டில் இந்தத் தொகை ஒரு குடும்பத்தைக் கொண்டு நடத்தப் போதுமா என்பது வேறு கேள்வி. போதாது என்றே நாமும் சொல்வோம். ஆனால் அது சட்டம் வகுத்த அடித்தளம். அதற்குக் கீழே இறங்க எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

இப்பொழுது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு பணியாளரின் மாத வருவாயில் 10,000 ரூபா சம்பளமாக வராமல் சந்தோஷமாக வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். கையில் வரும் தொகை ஒன்றுதானே என்று அவர் எண்ணக்கூடும். அந்த 10,000 ரூபாவும் சம்பளமாக இருந்தால் முதலாளி சேமலாப நிதிக்கு 1,200 ரூபாவும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 300 ரூபாவும் செலுத்தியாக வேண்டும். மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000, பத்தாண்டில் வட்டி நீங்கலாக 1,80,000 ரூபா. வாடிக்கையாளர் அன்போடு நீட்டிய காசு அந்தப் பணியாளரின் முதுமைக்கு வரவேண்டிய பணத்தைச் சத்தமின்றிக் குறைத்துவிடுகின்றது. கொடுத்தவர் அதனை எண்ணவில்லை, வாங்கியவரும் அறியவில்லை. மீந்தது யாருக்கு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்வர்.

சந்தோஷத்தை நம்பிய வருவாய்க்கு உறுதியுமில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர் உல்லாசப் பயணிகள் வரவு அற்றுப்போனபோது இந்த நாட்டு ஹோட்டல் ஊழியர்கள் முதலில் இழந்தது சேவைக் கட்டணத்தின் பங்கையே. மறு ஆண்டு கொள்ளை நோய் வந்தது. கடைகளில் இருந்து உண்பது தடுக்கப்பட்டுப் பார்சல் மட்டும் அனுமதிக்கப்பட்ட நாட்களும் இருந்தன. மேசையும் இல்லை, மேசையில் விட்டுச் செல்லும் காசும் இல்லை. ஆனால் வேலை இருந்தது. அந்நாளில் அடுப்படியில் நின்றவர்களுக்குக் கை கொடுத்தது எது? சம்பளம் ஒன்றே.

பத்து வீதத்தின் கதை

சேவைக் கட்டணம் என்ற பெயரில் 10 வீதம் சேர்க்கும் வழக்கம் கொழும்பிலும் உல்லாசப் பயணிகள் தங்கும் ஹோட்டல்களிலும் நெடுங்காலமாக உண்டு. மேசையில் அமர்ந்து உண்பவரிடம் அதனை அறவிட்டு ஊழியர்களிடையே பகிர்வது அங்குள்ள முறை. அதனைப் பார்சலின் பற்றுச்சீட்டிலும் சேர்க்கும் எண்ணம் எவருக்கேனும் இருக்குமாயின் அதனை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. 1,500 ரூபாவுக்குப் பார்சல் வாங்கும் குடும்பம் 150 ரூபாவை எதற்கென்று தெரியாமல் கொடுக்க வேண்டுமா? பொதி செய்யும் பெட்டிக்குக் காசு வேண்டுமானால் பெட்டிக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குவதே நேர்மை. மளிகைக் கடைகளில் பைக்கு இவ்வளவு என்று பற்றுச்சீட்டில் காட்டுவது 2025 நவம்பரிலிருந்து விதியாயிற்று. பைக்கு விலை பைக்கே போகின்றது. அதில் ஒளிவு மறைவு இல்லை.

‘பத்து வீதந்தானே’ என்று அலட்சியம் செய்வோரை எமது கமக்காரரிடம் அனுப்பி வைக்கின்றோம். திருநெல்வேலியிலும் மருதனார்மடத்திலும் சுன்னாகத்திலும் சந்தைக்குக் கத்தரிக்காயும் பூசணியும் கொண்டு செல்பவரைக் கேளுங்கள். நூறு கிலோ கொண்டுபோனால் பத்துக் கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துவிட்டு மிகுதிக்குக் காசு கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து அவர்கள் எத்தனை ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றனர்! அழுகலுக்கும் அடிபட்டதற்கும் ஈடாக எடுப்பது என்று அதற்கு விளக்கம் கூறப்படுகின்றது. அழுகாத காயிலும் அது கழிகின்றது. அதனை நிறுத்துவோம் என்று அதிகாரிகள் கூட்டங்கூடித் தீர்மானிப்பர்; சந்தை கூடியதும் தராசு பழைய தராசாகவே நிற்கும். ஒருவர் விரும்பி விட்டுக்கொடுத்தது எல்லோரும் கொடுத்தே தீரவேண்டியதாகிய கதை இதுவே. கமக்காரரின் தோளில் ஏறியிருக்கும் இந்தப் பத்து வீதத்தை இறக்க முடியாமல் திண்டாடும் நாம், இன்னொரு பத்து வீதத்தை நமது கையாலேயே ஏற்றி வைப்பதா?

உலகம் கற்ற பாடம்

‘வெளிநாடுகளில் எல்லாம் கொடுக்கின்றார்களே’ என்பது நம்மவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. எந்த வெளிநாட்டில், எதற்காகக் கொடுக்கின்றார்கள் என்பதையும் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்காவில் சந்தோஷம் வாங்கும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2 டொலர் 13 சதம். 1991இல் வகுத்த அந்தத் தொகை இன்றும் மாறவில்லை. மற்றைய தொழிலாளருக்கு 7 டொலர் 25 சதம். இடைவெளியை வாடிக்கையாளரின் கை நிரப்ப வேண்டும். அங்கே பல மாநிலங்களில் ஒருவர் கொடுக்காமல் வெளியேறினால், அவர் ஒரு தொழிலாளியின் கூலியையே கொடுக்காமல் போகின்றார் என்று பொருள். ஆகவே அங்கு கொடுப்பது கடமையாகிவிட்டது. இந்த முறைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் புல்மன் கம்பெனி தனது புகையிரத வண்டிகளில் ஏவலாளராக அமர்த்தி, அற்பச் சம்பளம் கொடுத்து, மிகுதியைப் பயணிகளிடம் வாங்கிக்கொள்ள விட்டது. அவர்கள் 1925இல் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டு போராடி 1937இல் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து, கூலியை உயர்த்தி வேலை நேரத்தைக் குறைத்தனர். தாராளமான பயணிகள் பல்லாண்டு கொடுத்தும் செய்ய முடியாததை ஒரு சங்கம் செய்து முடித்தது.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மதுபானம் பரிமாறுவோருக்குக் குறைந்த கூலி என்றிருந்த தனி விதி 2022 ஜனவரி 1ஆம் நாள் நீக்கப்பட்டது. பிரித்தானியாவில் 2023இல் நிறைவேறிய சட்டம் 2024 ஒக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் கொடுக்கும் சந்தோஷமும் சேவைக் கட்டணமும் வரி நீங்கலாக முழுவதும் ஊழியருக்கே சேர வேண்டும். முதலாளி ஒரு சதமும் எடுக்கலாகாது. எப்படிப் பகிர்வது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. லண்டன் உணவகங்களில் வேலை செய்யும் எமது பிள்ளைகளுக்கு இந்தச் சட்டத்தின் அருமை தெரியும். இந்தியாவில் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை 2022 ஜூலையில் விதித்தது. உணவக உரிமையாளர் வழக்காடினர். 2025 மார்ச் 28ஆம் நாள் டில்லி உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஜப்பானிலோ சந்தோஷம் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஆயினும் அங்கு விருந்தோம்பல் குறைந்துவிட்டது என்று எவரும் சொன்னதில்லை.

இத்தனை நாடுகளும் எந்தத் திசையில் நடக்கின்றன? சம்பளத்தை நிமிர்த்துவதும், கொடுத்த காசு உரியவரைச் சேர்வதற்குக் காவல் வைப்பதுமே அவற்றின் வழி. நாம் மட்டும் அவர்கள் விட்டு வெளியேறும் வீட்டுக்குள் குடிபுகப் போகின்றோமா?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊருக்கு வரும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த மண்ணில் உழைக்கும் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாத் தாளை நீட்டும் உங்கள் ஈர நெஞ்சை நாம் குறை கூறவில்லை. ஆனால் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் ஓர் ஆசிரியராக இருக்கலாம். ஓர் எழுதுவினைஞராக இருக்கலாம். மழையில் பயிரை இழந்த கமக்காரராக இருக்கலாம். உங்கள் ஒரு மாத விடுமுறையின் தாராளம் அவருடைய பதினொரு மாதத்தின் வெட்கமாக மாறலாகாது.

வெளியே நின்றவர்கள்

இந்தக் குடாநாட்டில் சாப்பாட்டுக் கடைக்கு வேறொரு வரலாறும் உண்டு. அதனை மறந்து இந்தப் பொருளைப் பேசுவது பொய்ம்மையாகும். கடையின் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்த உரிமை மறுக்கப்பட்ட மக்கள் இந்த மண்ணில் வாழ்ந்தனர். அவர்கள் வெளியே நின்றனர். அவர்களுக்குப் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் ஊற்றப்பட்டது. அதே காசைக் கொடுத்தும் அதே குவளை கிடைக்கவில்லை. கடையில் வாங்கி வெளியே கொண்டு செல்வது இன்று நமக்கு வசதி. அன்று அவர்களுக்கு அது விதிக்கப்பட்ட இழிவு.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் அந்த மறுப்பைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தும் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது. அதன் பின்னரும் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க் கடை வாசல்களில் போராட வேண்டியிருந்தது. அந்த மக்கள் கேட்டது என்ன? இலவசத் தேநீர் கேட்டார்களா? கடைக்காரரின் கருணையைக் கேட்டார்களா? கொடுத்த காசுக்கு உரியதை, எல்லோருக்கும் போலத் தமக்கும் தரவேண்டும் என்று மட்டுமே கேட்டனர்.

அந்தப் போராட்டம் கடைக்கு முன்னால் நின்றவரின் மானத்துக்காக நடந்தது. கடைக்கு உள்ளே நிற்பவரின் மானத்தைப் பற்றி இன்று பேசுகின்றோம். வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வேலை தேடி வந்து கடையின் மேல்மாடியில் படுத்துறங்கும் இளைஞரும், கணவனை இழந்து சமையல் வேலைக்கு வரும் தாய்மாரும் அந்த அடுப்படிகளில் நிற்கின்றனர். தாம் செய்த வேலைக்கு உரியதைப் பெற அவர்கள் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமா? சந்தோஷம் போடுபவருக்கு ஒரு துண்டு இறைச்சி கூட, போடாதவருக்கு ஒரு கரண்டி சொதி குறைய என்ற நிலை வந்தால், காசுள்ளவருக்கு ஒரு குவளை காசற்றவருக்கு ஒரு குவளை என்ற பழைய கதை புதிய வேடத்தில் வந்துவிடாதா?

வைத்தியருக்கும் சட்டத்தரணிக்கும் ஆசிரியருக்கும் எவரும் மிச்சக் காசை நீட்டுவதில்லை. நீட்டினால் அவர்கள் அதனை அவமதிப்பாகக் கொள்வர். தமது உழைப்புக்கு உரிய விலை வேறு வழியில் வருகின்றது என்ற நிமிர்வே அதற்குக் காரணம். அந்த நிமிர்வு பொதி கட்டும் பிள்ளைக்கும் வேண்டாமா? வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்களைப் பாருங்கள். சமைப்பவரே விற்கின்றார், விற்பவரே வருவாயைப் பெறுகின்றார். அங்கே ஒருவர் மற்றவரின் கையைப் பார்த்து நிற்கும் தேவை குறைகின்றது.

பசித்தவருக்குப் பதில் என்ன?

எமது கருத்துக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. ‘நீங்கள் சட்டம் பேசுகின்றீர்கள், சங்கம் பேசுகின்றீர்கள். சம்பளம் நிமிர்வதற்குள் எத்தனை ஆண்டு செல்லுமோ? இன்று இரவு அந்தப் பிள்ளை ஊருக்கு அனுப்பக் காசில்லாமல் நிற்கின்றானே, அவனுக்கு நூறு ரூபா கொடுப்பதைத் தடுக்கின்றீர்களா?’ என்று இரக்கமுள்ளோர் கேட்பர்.

தடுக்கவில்லை. இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவும் மாட்டோம். இல்லாதவர் முன் நின்று கொள்கை பேசிக் கையை மூடிக்கொள்பவர் பக்கத்தில் நாம் இல்லை. இருபது பொதி ஒன்றாகக் கேட்டுப் பணியாளரை அரை மணி நேரம் வருத்தியவர் கொடுக்கட்டும். கடை பூட்டும் நேரத்தில் வந்து அடுப்பை மீண்டும் மூட்ட வைத்தவர் கொடுக்கட்டும். மழையிலும் இரவிலும் தமது மோட்டார் சைக்கிளில், தமது பெற்றோலில், வீட்டு வாசலுக்கு உணவு கொண்டு வரும் இளைஞருக்குக் கட்டாயம் கொடுங்கள். அவர்களிற் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளமும் இல்லை. சேமலாப நிதியும் இல்லை. விழுந்து கால் முறிந்தால் கேட்பாரும் இல்லை. அவர்களை ஊழியர் என்று சட்டம் ஏற்கும் நாள் வரும்வரை அந்தக் காசு நியாயத்தின் ஒரு பகுதியேயாகும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நூறு ரூபா கொடுத்தவுடன் நமது மனம் ஆறுதல் கொள்கின்றது. ஆறிய மனம் கேள்வி கேட்பதில்லை. ‘தம்பி, உங்களுக்குச் சேமலாப நிதி கட்டுகின்றார்களா? எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தீர்கள்? கிழமையில் ஒரு நாள் ஓய்வு உண்டா?’ என்று கேட்பதற்கு நூறு ரூபா தேவையில்லை. நெஞ்சுரம் மட்டும் தேவை. கொடுங்கள், கொடுத்துவிட்டோம் என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

உணவக உரிமையாளருக்கு நாம் விரோதிகளல்லர். போரையும் பொருளாதாரத் தடையையும் கொள்ளை நோயையும் 2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டையும் கடந்து கடை திறந்து வைத்திருப்பது சாதாரண காரியமன்று. ஒழுங்காகச் சம்பளம் கொடுத்து, நிதியும் கட்டி, பணியாளரைத் தமது பிள்ளைகளாக நடத்தும் முதலாளிகள் பலர் இருக்கின்றனர். அவ்வாறு நடப்பவருக்கும் நடவாதவருக்கும் வேறுபாடு தெரியாமல் இருப்பதே இன்றைய குறை. நேர்மையான கடையின் பார்சல் ஐம்பது ரூபா கூடுதலாக இருக்கலாம். அந்த ஐம்பது ரூபாவை நாம் மனமுவந்து கொடுப்போம். அது எங்கே போகின்றது என்று தெரிந்தால்.

ஆகவே நான்கு காரியங்களை வேண்டுகின்றோம்.

முதலாவது, பார்சலுக்குச் சேவைக் கட்டணம் இல்லை என்பதை உணவக உரிமையாளர் தாமே அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாண வணிகர் கழகம் இதற்கு முன்னின்று வழிகாட்டலாம்.

இரண்டாவது, சந்தோஷம் வாங்கும் கடைகளில் அது தனிக் கைகளுக்குச் செல்லாமல் பொது உண்டியலில் விழ வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் அதனைத் திறந்து, சமைப்பவர், கட்டுபவர், கழுவுபவர், கூட்டுபவர் யாவருக்கும் பகிர வேண்டும். முதலாளியின் கை அதில் படலாகாது. பகிரும் முறையை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மாநகர சபையும் பிரதேச சபைகளும் உணவகங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அடுப்படியைப் பார்வையிடுகின்றார். பாத்திரத்தின் சுத்தத்தைப் பார்க்க ஒருவர் வரும்போது, பணியாளரின் சம்பளப் பதிவைப் பார்க்கத் தொழில் திணைக்களத்தாரும் ஒழுங்காக வரவேண்டும். சட்டப்படி சம்பளம் கொடுக்கும் கடை அதனை ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். அந்தப் பலகையைத் தேடிச் செல்வது நமது கடமை.

நான்காவது, நாளாந்தம் மிச்சக் காசை எறிவதற்குப் பதிலாக, ஆண்டு முழுவதும் தமக்குப் பொதி கட்டித் தந்தவருக்குச் சித்திரைப் புத்தாண்டிலோ தைப்பொங்கலிலோ தீபாவளியிலோ கைவிசேடம் கொடுக்கும் வழக்கத்தை நமது குடும்பங்கள் தொடங்கலாம். பெயர் கேட்டு, நலம் விசாரித்து, இரு கையாலும் கொடுப்போம். அடுப்படியில் நிற்பவரையும் முன்னால் அழைத்துக் கொடுப்போம். அது நமது மண்ணின் முறை. வாங்குபவர் தலை தாழாத முறை.

எதிர்காலத்தில் இந்தக் குடாநாட்டில் உணவகங்கள் இன்னும் பெருகும். உல்லாசப் பயணிகளும் பெருகுவர். ஒரு வழக்கம் வேரூன்றிய பின்னர் அதனைப் பிடுங்குவது எத்துணை கடினம் என்பதைச் சந்தையின் கழிவு நமக்குக் காட்டியிருக்கின்றது. இந்த வழக்கம் இன்னும் இளஞ்செடியாகவே நிற்கின்றது. இன்று மாலை பார்சல் வாங்கச் செல்லும் ஒவ்வொருவரும், கடைக்காரர் கேட்ட விலையை முழுமையாகக் கொடுத்து, பொதியை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி, அந்தப் பணியாளரின் சம்பளத்தைப் பற்றி முதலாளியிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டுவிட்டு வரட்டும். பத்துப் பேர் கேட்டால் முதலாளி சிரிப்பார். நூறு பேர் கேட்டால் யோசிப்பார். ஆயிரம் பேர் கேட்டால் பலகை எழுதுவார். கேட்கத் துணிவோமா?